புகைக்குழாயும் மெருகும்

கார்த்திகை விளக்கீடு நெருங்கும் நாட்களிலே தமிழர் வீடுகளில் தவறாது நடைபெறும் வேலை ஒன்று உண்டு. பெட்டியிலும் பரணிலும் கிடந்த பித்தளைக் குத்துவிளக்குகள் வெளியே எடுக்கப்படும். பழப்புளியும் சாம்பலும் இட்டுத் தும்பினால் அழுத்தித் தேய்த்துக் கழுவியதும், கறுத்துக் கிடந்த உலோகம் பொன்போல ஒளிவிடும். புளியிலுள்ள அமிலம் கறையைக் கரைக்கிறது. சாம்பல் எஞ்சியதை உராய்ந்து நீக்குகிறது. இரசாயன நூலைக் கண்ணாலும் காணாத மூதாட்டியர் பிழையறச் செய்துவந்த இரசாயன வேலை இது.

இதனையொத்த வேலையை வேறோர் உலோகத்தின்மீது செய்பவர்களும் உலகில் இருக்கிறார்கள். தாழ்ந்த உருவமும் மிகுந்த வேகமும் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் மோட்டார் வண்டிகளை உடையோர், ஓய்வு நாட்களில் வண்டியின் பின்புறத்தே குனிந்தும் நிலத்திற் படுத்தும் அதன் புகைக்குழாயைத் துலக்கிக்கொண்டிருப்பர். பார்ப்பவர்களுக்கு இது நகைப்பை உண்டாக்கலாம். புகை போகிற குழாய்க்கு மெருகு எதற்கு என்று அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குரிய விடை வெறும் அலங்காரத்தோடு முடிந்துவிடுவதில்லை. உலோகத்தின் இயல்பும், எஞ்சினின் நலமும், வண்டியில் அமர்ந்திருப்போரின் உயிரும் அந்த விடையிலே சேர்ந்திருக்கின்றன.

எஞ்சினுள்ளே பெற்றோலும் காற்றும் கலந்து எரிந்தபின் எஞ்சும் வாயுக்களைச் சேகரித்து, அவற்றின் ஓசையைச் சைலன்சரிலே தணித்து, வண்டியின் பின்னால் வெளியே விடுவதே புகைக்குழாய்த் தொகுதியின் தொழில். எஞ்சின் முழுவலுவோடு உழைக்கும்போது, அதனை ஒட்டிய பகுதியிலே வாயுவின் வெப்பம் 800 பாகை செல்சியசுக்கு மேலும் ஏறக்கூடும். குழாய் நெடுகச் செல்லச் செல்ல அவ்வெப்பம் தணிந்து வரும். சாதாரண வண்டிகளில் இக்குழாய் அடித்தளத்தின் கீழே மறைந்து கிடக்கிறது. ஸ்போர்ட்ஸ் வண்டிகளை வகுத்தவர்களோ அதனை மறைக்கவில்லை, அணியாக்கிக் காட்டினார்கள். 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் உருவான மெர்சிடிஸ் பென்ஸ் எஸ்.எஸ்.கே. வண்டியில், எஞ்சின் மூடியின் பக்கத்தைத் துளைத்துக்கொண்டு வளைந்து இறங்கும் பளபளப்பான குழாய்களே அதன் முகவரி போல விளங்கின. 1961ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் ஈ டைப் வண்டியின் முதல் வரிசையில், பின்புறத்தின் நடுவே சற்று மேல்நோக்கி எழும் இரட்டைக் குழாய்களைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார்.

இவ்வளவு வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கிக்கொண்டு ஒளி மங்காதிருக்கும் உலோகம் எங்கிருந்து வந்தது? அதன் வரலாறு இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகருக்கு அழைத்துச் செல்கிறது. ஹரி பிரேர்லி என்பவர் 1871இல் அந்நகரிலே ஓர் உருக்குத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 12 வயதிலே பள்ளிப் படிப்பை நிறுத்தித் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். ஆய்வுக்கூடத்திலே ஏவல் வேலை செய்யும் சிறுவனாக அமர்ந்து, இரவிலே தாமாகக் கற்று, 1908இல் நிறுவப்பட்ட பிரவுண் பேர்த் ஆய்வுக்கூடத்தின் தலைவராகவே உயர்ந்தார்.

துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் வெப்ப வாயுக்களால் விரைவில் அரிக்கப்படுவதைத் தடுக்கும் வழி என்ன என்பதே 1912இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட ஆராய்ச்சி. குரோமியத்தைப் பல அளவுகளில் உருக்கோடு கலந்து அவர் சோதித்தார். 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே 12.8 சதவீதம் குரோமியமும் 0.24 சதவீதம் காபனும் அடங்கிய உருக்கு ஒன்று வார்க்கப்பட்டது. உருக்கின் உள்ளமைப்பை நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதற்கு அதன் முகத்தை நைத்திரிக்கமிலக் கரைசலால் அரிக்கச் செய்வது வழக்கம். இவ்வுருக்கோ அரிப்புக்கு எளிதில் இணங்கவில்லை. வினாகிரியும் எலுமிச்சஞ் சாறுங்கூட அதனைக் கறைப்படுத்தவில்லை. துப்பாக்கிக்குத் தேடியதில், உணவு மேசைக்குரிய கத்தி கிடைத்தது.

அவருடைய முதலாளிமார் தொடக்கத்தில் இதனைப் பொருட்படுத்தவில்லை. கத்தி செய்வோரிடம் அவர் தாமே அதனைக் கொண்டு செல்லவேண்டியிருந்தது. உரிமை பற்றிய பிணக்கினால் 1915இல் அவர் அந்நிறுவனத்தை விட்டும் விலகினார். எனினும் முதலாம் உலகப் போர்க் காலத்திலே, ஆகாய விமான எஞ்சின்களின் புகை வெளியேறும் வால்வுகள் இவ்வுருக்கினாலேயே செய்யப்பட்டன. ஆகவே உணவு மேசையை முழுமையாக வெல்லுமுன்னரே, இவ்வுலோகம் புகைவழியில் தன் வல்லமையை நிலைநாட்டிவிட்டது எனலாம். ஜெர்மனியில் குரூப் நிறுவனத்து அறிஞர்கள் குரோமியத்தோடு நிக்கலையும் கலந்த உருக்கிற்கு 1912இலே உரிமை கோரி விண்ணப்பித்திருந்தார்கள். பிரேர்லியின் பின் ஷெபீல்ட் ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்த ஹட்பீல்ட் என்பவர் 1924இல் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்ட கலவையை வகுத்தார். அடுக்களைப் பாத்திரம் முதல் உயர்ந்த ரகப் புகைக்குழாய் வரையில் இன்று காணப்படும் கறையில் உருக்கிற் பெரும்பகுதி அந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே.

கறையில் உருக்கு ஏன் துருப்பிடிப்பதில்லை? அது காற்றோடு உறவாடாதிருப்பதனால் அன்று. உடனே உறவாடிவிடுவதனாலேதான். உருக்கிலே ஏறக்குறைய 10.5 சதவீதத்துக்கு மேல் குரோமியம் இருப்பின், அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி, மேற்பரப்பில் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்திற் சில பங்குகளே. கண்ணுக்குப் புலப்படாத இப்படலம் உள்ளேயிருக்கும் இரும்பைக் கவசம்போற் காக்கிறது. கீறல் விழுந்தால், காற்றுப் பட்டதும் தானே மீண்டும் படர்ந்து காயத்தை மூடுகிறது. சாதாரண இரும்பின் துரு அப்படிப்பட்டதன்று. அது உதிர்ந்து உதிர்ந்து புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிக் கொடுக்கிறது. எனவே, கறையில் உருக்கைத் துலக்குவதன் உண்மையான நோக்கம் இந்தப் படலத்தை வாழவைப்பதேயாகும். இதனை மறந்து செய்யும் மெருகு, உலோகத்துக்கு ஊறு செய்துவிடும்.

சிறிது காலம் ஓடிய வண்டியின் குழாயிலே வைக்கோல் நிறமும், செம்பழுப்பும், ஊதாவும், நீலமும் வரிவரியாகத் தோன்றுவதுண்டு. இவை ஒட்டிய அழுக்கல்ல. மழை நாளில் தெருநீரின்மீது சிந்திய எண்ணெயில் வானவில் தோன்றுகிறதல்லவா? அதே ஒளிவிளையாட்டுத்தான் இங்கும் நிகழ்கிறது. வெப்பத்தினால் ஒட்சைட்டுப் படலம் தடிக்கும்போது, அதன் மேன்முகத்திலும் அடிமுகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் மிகுந்தும் சில நிறங்கள் குறைந்தும் தெரிகின்றன. குரோமியமும் நிக்கலும் கலந்த உருக்கு 290 பாகை அளவில் வெளிர்மஞ்சளாகவும், 540 பாகை அளவில் நீலமாகவும் மாறுமென்பது அனுபவத்திற் கண்ட கணக்கு. ஆகவே அந்நிறங்கள், குழாயின் எந்தப் பகுதி எவ்வளவு சூடேறியது என்பதற்கு உலோகமே எழுதி வைத்த குறிப்பாகும். சிலர் அதன் அழகை விரும்பி அப்படியே விடுவர். எனினும் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். தடித்த படலம் தனக்கு வேண்டிய குரோமியத்தை அடியிலுள்ள உலோகத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதனால் அவ்விடத்தில் அரிப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. நிறத்தையும் அதன் அடியிலுள்ள வறிய படையையும் சேர்த்து நீக்கும் மெருகு, அந்த ஆற்றலை மீட்டுத் தருகிறது.

வேலையைத் தொடங்குமுன், குழாய் எந்த உலோகத்தாலானது என்று தெளிதல் முதற்கடமை. காந்தம் ஒன்றை அருகே பிடித்தால் ஓரளவு விளங்கும். காந்தம் ஒட்டாவிடின், அது பெரும்பாலும் நிக்கல் கலந்த கறையில் உருக்கு, அல்லது தைத்தானியம். ஒட்டுமாயின், அது குரோமிய முலாம் பூசிய இரும்பாகவோ, அலுமினியம் பூசிய உருக்காகவோ, நிக்கல் இல்லாத மலிவு ரகக் கறையில் உருக்காகவோ இருக்கலாம். அலங்காரத்துக்கான குரோமிய முலாமின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அதன்மீது உப்புத்தாளைச் செலுத்துபவர் சில நிமிடங்களில் முலாமைத் தொலைத்துவிடுவார். இழந்த முலாமை எந்தப் பசையும் திருப்பித் தராது. அலுமினியப் பூச்சின் கதியும் அதுவே. இவ்விரண்டுக்கும் மென்மையான பசையும் பருத்தித் துணியுமே போதும். தைத்தானியத்தை உருக்கின் எடையிற் பாதியளவேயுள்ளது என்று ஏறக்குறையச் சொல்லலாம். 2001ஆம் ஆண்டு கோர்வெட் இசட் 06 வண்டியிலே புகைக்குழாயும் சைலன்சரும் அதனாற் செய்யப்பட்டன. அதிலே தோன்றும் நீலமும் ஊதாவும் பலராலும் விரும்பப்படுவதால், கழுவித் துடைப்பதோடு நிறுத்திவிடுவர். கறுப்புப் பூச்சோ மட்பூச்சோ உள்ள குழாயை மெருகிடவே கூடாது.

இனி, கறையில் உருக்குக் குழாயைத் துலக்கும் முறையைக் கவனிக்கலாம். குழாய் முற்றாகக் குளிர்ந்திருத்தல் வேண்டும்; ஓடி வந்த வண்டியைச் சில மணி நேரமாவது ஆறவிடுதல் நன்று. வண்டியின் கீழே செல்ல வேண்டுமாயின், ஜாக்கியை மாத்திரம் நம்பி ஒருவரும் செல்லலாகாது. சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு அடைகொடுத்து, உறுதியான தாங்கிகளின்மீது வண்டியை அமர்த்திய பின்னரே உள்ளே புகவேண்டும். முதலில் மென்மையான சவர்க்கார நீரினாற் சேற்றையும் உப்பையும் கழுவி, நல்ல நீரூற்றித் துடைத்து உலர்த்துக. குழாயின் வாய்க்குள்ளே நீரைப் பீய்ச்சுதல் தகாது. கழுவாது தேய்ப்பவர், மணலையே மெருகுப்பசையாக்கிக் கீறல் போடுகிறார். உருகி ஒட்டிய பிளாஸ்டிக் பை போன்றவற்றை மரச்சிராயினாற் சுரண்டி எடுக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கை மதுசாரம் தோய்ந்த துணியால் நீக்கலாம். அது தீப்பற்றும் பொருளாதலால், நெருப்பும் புகைபிடித்தலும் அருகில் இருத்தல் ஆகாது.

இலேசான மங்கலும் வைக்கோல் நிறமும், உலோகத்துக்கான மெருகுப்பசையைத் துணியில் எடுத்துத் தேய்த்தாலே நீங்கிவிடும். ஆழ்ந்த நீலத்துக்கும் கீறலுக்கும் உப்புத்தாள் வேண்டும். தாளின் எண் பெருகப் பெருக அதன் தரி நுண்மையாகும். 400 அல்லது 600இல் தொடங்கி, 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாக ஏறவேண்டும். தாளை நீரில் நனைத்துக்கொள்ளுதல் நன்று. ஒவ்வொரு படியிலும் தேய்க்கும் திசையை முந்திய திசைக்குக் குறுக்காக மாற்றுவதே இத்தொழிலின் இரகசியம். முந்திய தாள் இட்ட கோடுகள் முற்றாக மறைந்தனவா என்று அப்பொழுது தெளிவாகக் காணலாம். ஒரு படியை அவசரத்தினால் தாண்டியவர், கடைசி மெருகின்போது அந்தக் கோடுகள் முன்னிலும் துலக்கமாக எழுந்து நிற்பதைக் கண்டு, மீண்டும் அடியிலிருந்தே தொடங்க நேரும்.

இறுதியாகத் துணிச்சில்லும் மெருகுக்கட்டியும் கொண்டு ஒளியேற்றுவர். கறையில் உருக்கிற்கு வழங்கும் பச்சைநிறக் கட்டியிலே குரோமிய ஒட்சைட்டு அடங்கியிருக்கிறது. குரோமியத்தின் முகத்தைத் துலக்குவதற்குக் குரோமியத்தின் ஒட்சைட்டே உதவுவது ஓர் இயற்கைப் பொருத்தம். பொறியைப் பயன்படுத்துவோர் தொங்கும் ஆடையும் தளர்ந்த கைப்பட்டியும் இல்லாதிருத்தல் வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், மூக்குக்கும் வாய்க்கும் தூசு தடுக்கும் கவசமும் அவசியம். உருக்கின் நுண்தூசியில் நிக்கலும் குரோமியமும் இருப்பதை மறத்தல் கூடாது. வேலை முடிந்ததும் பசையின் மிச்சத்தையும் கைரேகைகளையும் மதுசாரத் துணியாற் துடைத்தபின்பே எஞ்சினை இயக்கவேண்டும். இல்லையேல், முதற் சூட்டிலேயே விரலடையாளம் குழாயில் வெந்து பதிந்துவிடும்.

ஆர்வத்தினால் நேரும் பிழைகள் இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதலாவது, அடுக்களையிற் சட்டி தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளைப் பயன்படுத்துவது. அதன் நுண்துகள்கள் உருக்கின் முகத்திற் பதிந்து, சில நாட்களில் தாமே துருப்பிடிக்கின்றன. கறையில் உருக்குத் துருப்பிடித்துவிட்டதென்று உரியவர் மனம் நோவார். உண்மையில் துருப்பிடித்தது அவர் கொண்டுவந்த இரும்பே. இரும்பைத் தேய்த்த பழைய உப்புத்தாளும் இதே தீங்கைச் செய்யும். இரண்டாவது, கழிவறைக்கு ஊற்றும் ஐதரோக்குளோரிக்கமிலத்தையும் வெளிற்றும் நீரையும் நாடுவது. அவற்றிலுள்ள குளோரின் சேர்வைகள் காப்புப் படலத்தை அங்கங்கே துளைத்து, ஊசிமுனை போன்ற குழிகளை உண்டாக்கும். குத்துவிளக்குக்குப் புளி நன்மை செய்ததென்று எல்லா உலோகத்துக்கும் எல்லா அமிலமும் பொருந்திவிடாது. கடற்காற்றின் உப்பும் குளோரைட்டே. ஆகையால் கரையோரத்தில் வாழ்வோர், மெருகைவிட அடிக்கடி நன்னீராற் கழுவுவதையே முதன்மையாகக் கொள்ளவேண்டும். குளிர்நாட்டவர் பனியுருக வீதியில் உப்புத் தூவுங் காலத்திலும் இவ்வாறே செய்தல் நன்று.

இதுவரை கூறியதெல்லாம் குழாயின் வெளிப்புறம் பற்றியது. உள்ளே நடப்பதோ வேறு. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாக வெளியேறிவிடும். கிட்டிய கடைக்கும் கண்காட்சிக்கும் மாத்திரம் சென்று திரும்பும் வண்டியிலோ, சைலன்சர் சூடேறுமுன் பயணம் முடிந்துவிடும். நீர் உள்ளே தங்கி, எரிவாயுவிலுள்ள சேர்வைகளோடு கூடி அமிலமாகி, உலோகத்தை உள்ளிருந்தே தின்னத் தொடங்கும். மிகக் கவனமாக மெருகிட்டு, மிகக் குறைவாக ஓட்டப்படும் வண்டியே இந்த நோய்க்கு எளிதில் இலக்காகிறது. இடைக்கிடையே குழாய் முழுவதும் சூடேறும்வரை ஓட்டுவதே இதற்கு மருந்து.

இங்கேதான் துலக்குபவரின் கண் மெருகை விட்டு மேலும் ஆழ்ந்து செல்லவேண்டும். நோயாளியின் நாக்கைப் பார்த்து வைத்தியர் உடல்நிலையை உய்த்துணர்வது போல, குழாயின் வாயைப் பார்த்து எஞ்சினின் நிலையை ஓரளவு உணரலாம். உலர்ந்த கரி மிகுதியாகப் படிந்திருப்பின் பெற்றோல் அளவுக்கு மேல் செலவாகிறது. கரி எண்ணெய்ப் பசையோடு இருப்பின் எஞ்சின் எண்ணெயும் எரிகிறது. மூட்டுக்களையும் பற்றாசுத் தையல்களையும் துடைக்கும்போது, கறுத்த கரிக்கீற்று ஒன்று விசிறி போல் விரிந்திருக்குமாயின், அங்கே வாயு கசிகிறது என்பது பொருள். அதனைத் துடைத்துவிட்டு மெருகிடுவது, சாட்சியை அழிப்பதற்கு ஒப்பாகும்.

கசியும் வாயுவிலே காபனோரொட்சைட்டு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையோடு அதனைப் பற்றிக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் தோன்றும். நித்திரை என்று எண்ணுபவர் எழாமலே போகலாம். தாழ்ந்த தளமும் நெருங்கிய இருக்கையும் கொண்ட சிறு வண்டியில், அடித்தளத்திலுள்ள சிறு துவாரமும் இதற்கு வழியாகும். ஆகவே கசிவைக் கண்டவர் மெருகை ஒத்திவைத்து, மூட்டைச் செப்பனிடுவித்த பின்பே வண்டியை ஓட்டவேண்டும். மெருகின் அழகைப் பார்க்கவோ ஓசையைக் கேட்கவோ, மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை இயக்குவது எக்காலத்திலும் ஆகாது.

துப்பாக்கிக் குழலை ஆராயப் புகுந்த பிரேர்லி, அரிக்கப்படாது நின்ற ஓர் உருக்குத் துண்டை அசட்டை செய்யாது கூர்ந்து நோக்கினார். அந்தக் கூர்ந்த நோக்கினாலேயே உலகுக்கு ஒரு புதிய உலோகம் கிடைத்தது. புகைக்குழாயைத் துலக்குபவருக்கு வேண்டியதும் அதே நோக்குத்தான். கையிலே துணியோடு ஒவ்வொரு மூட்டையும் தையலையும் தொட்டுப் பார்ப்பவர், தம் வண்டியை வேறெவரிலும் நன்கு அறிவார். முடிவில் குழாயிலே தம் முகத்தைக் காணும்போது, அதன் உள்ளமும் நலமாக இருக்கிறதென்ற நிறைவு அவருக்கு இருக்குமாயின், அந்த மெருகுக்கு ஓர் அர்த்தம் உண்டு. குத்துவிளக்கைத் துலக்குவதும் திரியேற்றி ஒளி பெறுவதற்காகவே அன்றோ?